நூற்று நாற்பத்திரண்டு கிராம்

லோரோங் கூலிட் சந்தையில்
ஞாயிறு காலை ஏழு மணிக்கு
தார்ப்பாயின் மேல் கொட்டிக் கிடக்கிறது
யாரோ கழற்றிப் போட்ட குளிர்காலம்.
ஒன்று ஐந்து ரிங்கிட், மூன்று பன்னிரண்டு.
குந்தி உட்கார்ந்து கிளறுகிறேன்.
கண்ணை நம்புவதில்லை, அது நிறத்தில் மயங்கும்.
புறங்கையால் தடவித்தான் தேடுகிறேன்.

செப்டம்பரில் கினபாலு.
நள்ளிரவு இரண்டரைக்கு உச்சிக்குக் கிளம்ப வேண்டும்,
உடம்பு வியர்க்கும், நின்றால் விறைக்கும்
என்கிறாள் மஸ்னா, போன வருடம் போனவள்.
அவளுடைய உள்சட்டை முந்நூற்று அறுபது ரிங்கிட்.
சொன்னபோது என் ஓவர்டைம்
மணி மணியாகக் கண்முன் ஓடியது.

சட்டைகளைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.
பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
கண் மட்டும் தெரியும் வெள்ளை அங்கிக்குள் நிற்பவள் நான்.
என்னிடமிருந்து சில்லுகளைக் காப்பாற்றும் அங்கி அது.
என்னைக் காப்பாற்றுவது
அதற்கும் உள்ளே இருப்பது.

முதலில் பருத்தியோடுதான் ஏறினேன்.
தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த மஞ்சள் டீசட்டை.
நிலவு வாசலில் தொடங்கி
எண்பத்து நான்காம் ஓய்விடம் சேர்வதற்குள்
முதுகில் ஒரு குளம்.
காற்று வந்தது.
பினாங்கில், வெயில் காலத்தில்,
பல் கிட்டி நடுங்கிய ஒரே ஆள் நானாக இருப்பேன்.

பருத்தியைக் குறை சொல்ல மனம் வரவில்லை.
தொட்டிலுக்கு நல்லது, பாடைக்கு நல்லது.
ஏற்றத்தில் மட்டும்
கைமாற்று வாங்கிய அண்ணன் மாதிரி,
வாங்கியதைத் திருப்பித் தராது.

பாலியஸ்டர் உடனே தந்துவிடும்.
ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தரும்.
இரண்டாம் நாள் பேருந்தில்
என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

இதோ, விரலில் பட்டது.
கறுப்பு, மெல்லிசு, சொரசொரப்பு இல்லாத கம்பளி.
அக்குளில் ஐம்பது காசு அளவு ஓட்டை.
கழுத்துப் பட்டையில் மைப்பேனாவால் மூன்று எழுத்து,
ஜப்பானியப் பெயராக இருக்கலாம்.
ஓட்டையைக் காட்டி விலை குறைக்கச் சொன்னேன்.
"அது காத்து வர வெச்சது" என்றார் ஹம்டான்,
மலாய் கலந்த தமிழில்.
சிரித்ததற்கே எட்டு ரிங்கிட் கொடுத்தேன்.

ரவை நிறுக்கும் தராசில் வைத்தேன்:
நூற்று நாற்பத்திரண்டு.
முக்கி, பிழிந்து, உதறி
மின்விசிறியை மூன்றில் வைத்துத் தொங்கவிட்டேன்.
இரண்டு மணி பத்து நிமிடம்.
மஞ்சள் டீசட்டை
மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போதும்
தையலோரத்தில் ஈரம்.
தண்ணீர் பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்,
யாருக்கும் காட்டுவதற்கில்லை.

கறுப்பு நூல் இல்லை. நீலத்தில் தைத்தேன்.
கை தூக்கினால் தெரியும்.
உச்சியில் கை தூக்கிப் படம் எடுப்பார்கள் என்பது
தைத்து முடித்தபின்தான் ஞாபகம் வந்தது.

வேலையில் போட்டுப் பார்க்க முடியாது,
கம்பளி இழை உதிரும் என்று வாசலிலேயே நிறுத்துவார்கள்.
அதனால் ரைஃபிள் ரேஞ்ச் பிளாட்டில்
முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி வைத்து
பதினேழு மாடி.

பதினொன்றில் கதவைத் திறந்து வைத்து
மீன் பொரித்துக்கொண்டிருந்தார் ஆ கெய்க் அக்கா.
கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.
"லிப்ட் ரோசாக்கா?"
மூச்சு வாங்க நின்றேன்.
இல்லை அக்கா,
லிப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது.

பைத்தியமா என்று கேட்கவில்லை.
ஒரு துண்டு மீனைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.
படியில் உட்கார்ந்து தின்றேன்.
சுடச்சுட.
முதுகு காய்ந்துகொண்டிருந்தது,
கழுத்தில் அந்த மூன்று எழுத்தும்
நான் இன்னும் யாரிடமும் கேட்காத அந்தப் பெயரும்.
இன்னும் ஆறு மாடி.